ஒரே எண், இரண்டு பேர்

1. எஸ்தர் அக்காவின் நோட்டு

எஸ்தர் அக்கா லேப் நோட்டை என் மேஜைமேல் விரித்து வைத்தபோது காலை ஒன்பதரை மணி இருக்கும். செவ்வாய்க்கிழமை. செம்மேட்டில் சந்தைக்கு வந்தவர்கள் அப்படியே டாக்டரையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்ததால் ஓ.பி. வரிசை கேட் வரைக்கும் நீண்டிருந்தது.

"மாசக் கடைசி ரிப்போர்ட்டுக்கு எண்ணிட்டு இருந்தேன் வளரு. இதக் கொஞ்சம் பாரு. ஆயிரத்து நூத்தி எம்பத்தேழு ரெண்டு எடத்துல வருது."

எஸ்தர் அக்கா எங்கள் லேப் டெக்னீஷியன். சேலத்துக்காரர். கொல்லிமலையில் ஒரு சின்னத் தொண்டு மருத்துவமனை எங்களுடையது. ஒரு டாக்டர், மூன்று நர்ஸ், எஸ்தர் அக்கா, அப்புறம் கம்ப்யூட்டர் பார்க்க நான். மலையில் ஊர்க்கூட்டத்தை நாடு என்பார்கள். அந்த வருடம் அரியூர் நாட்டிலும் வளப்பூர் நாட்டிலும் இருமல் நிற்காதவர்களுக்கு டி.பி. முகாம் நடத்தியிருந்தோம். சளி எடுக்கும் டப்பாவில் எண் மட்டும்தான் ஒட்டுவோம். டி.பி. என்றாலே ஊர் ஒதுக்கிவைக்கும் என்பதால் பெயர் எழுதுவதில்லை. எஸ்தர் அக்காவின் நோட்டிலும் எண் மட்டும்தான்.

அரியூர் முகாம் பக்கத்தில் 1187க்கு நேரே சிவப்பு மையில் கூட்டல் குறி. கிருமி உண்டு என்று அர்த்தம். நாலு பக்கம் தள்ளி, வளப்பூர் முகாம் பக்கத்தில் அதே 1187. அங்கே கறுப்பு மையில் 'இல்லை'.

நான் டெர்மினலில் அந்த எண்ணை அடித்துத் தேடினேன். வழக்கமாக ஒரு பெயர் வர வேண்டிய இடத்தில் இரண்டு வந்தன. பழனியம்மாள், வயது 24, வளப்பூர் நாடு, கிருமி உண்டு. வெள்ளையன், வயது 36, அரியூர் நாடு, கிருமி இல்லை.

அக்கா என் தோளுக்கு மேலாகக் குனிந்து படித்தார்.

"அரியூர் டப்பாலதானே கிருமி இருந்துச்சு? இங்க வளப்பூர்னு போட்டிருக்குது. அப்ப அந்தப் புள்ள மூணு வாரமா யாரோட மாத்திரைய முழுங்கிட்டு இருக்குது?"

நான் அதே இரண்டு வரிகளை மறுபடி படித்தேன்.

"டாக்டர்கிட்டச் சொல்லிரலாமா?" என்றார் அக்கா.

"ஒரு நாள் குடுங்கக்கா. எங்க தப்புன்னு பாத்துட்டு நானே சொல்றேன்."

அவர் தயங்கினார். லேப் வாசலில் நாலு பேர் காத்திருந்தார்கள். "சரி, சீக்கிரம் பாரு" என்று சொல்லிவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த ஒரு நாளை நான் ஏன் கேட்டேன் என்று சொல்ல, அதற்கு மூன்று மாதம் முன்பு நடந்ததைச் சொல்ல வேண்டும்.

2. இரண்டாவது பெங்குவின்

இப்போது உங்கள் கையில் இருக்கும் போனிலேயே எட்டு ப்ராசஸர் இருக்கிறது. அப்போது ஒரு கம்ப்யூட்டரில் இரண்டு ப்ராசஸர் இருப்பது பெரிய விஷயம். எங்களுக்கு அது வந்த விதம் வேறு. மலைக்குக் கீழே ஒரு மில்லில் சில வருடம் ஓடிய சர்வர். அவர்கள் புதிது வாங்கியதும் இதை எங்களுக்குத் தந்துவிட்டார்கள். பீரோ மாதிரி கனம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அது லாரியில் சரியாமல் இருக்க இரண்டு பேர் பிடித்துக்கொண்டே வந்தார்கள். இருநூறு மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸர் இரண்டு, எஸ்.சி.எஸ்.ஐ. டிஸ்க் மூன்று. மில்லில் என்ன ஓடியதோ, அதை அழித்துவிட்டு நான் சி.டி.யிலிருந்து லினக்ஸ் போட்டேன். நாலு பழைய கம்ப்யூட்டர்களை டெர்மினலாக மாற்றி, ரிஜிஸ்ட்ரேஷனில் ஒன்று, லேபில் ஒன்று, மருந்தகத்தில் ஒன்று, என்னிடம் ஒன்று வைத்தோம்.

நான் சேந்தமங்கலம் பக்கம். அப்பாவுக்கு மூன்று ஏக்கர் கடலையும் மரவள்ளியும். கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்துவிட்டு இந்த வேலைக்கு வந்திருந்தேன். லினக்ஸ் தெரிந்தவர் மலையில் நான் ஒருத்திதான். சந்தேகம் என்றால் கேட்பதற்கு ஆள் இல்லை. ஒரு தடித்த புத்தகமும், நாமக்கல் போகும்போது பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்துவந்த காகிதங்களும்தான் எனக்குத் துணை. மழைக்காலத்தில் சர்வர் அறைக்குள் மேகமே வந்துவிடும். சுவரில் ஈரம் பூத்து நிற்கும். ஒவ்வொரு நாளும் கதவைத் திறக்கும் முன் ஃபேன் சத்தம் கேட்கிறதா என்று வெளியிலேயே நின்று கேட்பேன்.

அந்த லினக்ஸ் முதலில் ஒரு ப்ராசஸரை மட்டும்தான் பயன்படுத்தியது. இன்னொன்று சும்மா இருந்தது. அதற்கும் வேலை கொடுக்க வேண்டுமென்றால் கெர்னலைத் திருத்தி மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். கெர்னல் என்பது அந்த சிஸ்டத்தின் அடிப்படை ப்ரோக்ராம்; கம்பைல் என்பது எழுதிய ப்ரோக்ராமை மிஷின் ஓட்டும் வடிவத்துக்கு மாற்றுவது. டாக்டர் ஞானராஜ் என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் சொல்லியிருந்தார்: "ஓடுற மிஷின்ல கை வைக்கணும்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு." நான் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓ.பி. இல்லாத நேரம் பார்த்து கம்பைல் போட்டேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து திரும்பியும் ஓடிக்கொண்டிருந்தது. முடிந்ததும் ரீபூட் செய்தேன். லினக்ஸ் எழும்போது திரையின் மூலையில் ப்ராசஸருக்கு ஒன்று என்று பெங்குவின் படம் வரும். அதுவரை ஒன்றுதான் வந்துகொண்டிருந்தது. அன்று இரண்டு வந்தன. அந்த அறையில் நான் மட்டும் நின்று கை தட்டினேன்.

அதிலிருந்து வேலை வேகமானது. முன்பெல்லாம் ஊர்வாரிப் பெயர்ப்பட்டியலை ஒவ்வொன்றாகத்தான் ஏற்றுவேன். ஒன்று முடிந்த பின் அடுத்தது. இப்போது ப்ராசஸர் இரண்டு இருக்கிறதே என்று அரியூர்ப் பட்டியலையும் வளப்பூர்ப் பட்டியலையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டேன். பாதி நேரத்தில் முடிந்தது. ஆளுக்கு ஒரு எண் போட்டு, டப்பாவில் ஒட்டும் சீட்டு அச்சாகி வந்தது. டாக்டரிடம் பெருமையாகச் சொன்னேன். "நல்லது" என்றார். எப்படி என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

3. செவ்வாய்க்கிழமை

எஸ்தர் அக்கா போனதும் நான் செய்த முதல் வேலை, மொத்தப் பட்டியலிலும் இரண்டு முறை வரும் எண்களைத் தேடியது. ஒரு வரிக் கட்டளைதான். ஒன்றே ஒன்று வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பதினோரு எண்கள் வந்தன. இருபத்திரண்டு பேர்.

லேபுக்கு ஓடி, நோட்டை வாங்கி, அந்தப் பதினோரு எண்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பத்து எண்களில் இரண்டு பக்கமும் 'இல்லை'. அவர்கள் ரிசல்ட் தாள் மாறியிருந்தாலும் முடிவு ஒன்றுதான். மாறிப்போனது 1187 மட்டும். ஒரு எண் என்றாலும் அது இரண்டு ஆள்.

அப்போதே டாக்டரிடம் போயிருக்கலாம். அவர் அறை பத்தடி தூரம். ஆனால் போனால் முதல் கேள்வி 'எப்படி ஆச்சு' என்பதாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் இல்லாமல் எப்படிப் போவது? பழைய மிஷின், மெமரி கெட்டிருக்கும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மெமரி கெட்டால் அது என் தப்பு இல்லை.

மத்தியானம் ஓ.பி. முடிந்ததும் சர்வரைத் திறந்து மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். டிஸ்க் கேபிளை அழுத்திப் பார்த்தேன். லாக் ஃபைலை வரிவரியாகப் படித்தேன். ஒரு குறையும் இல்லை. பிறகு பட்டியல்களை நகல் எடுத்து, ஒரு ப்ராசஸரில் மட்டும் பூட் செய்து, இரண்டையும் மூன்று முறை ஏற்றிப் பார்த்தேன். ஒரு முறைகூட இரட்டை எண் வரவில்லை. இரண்டு ப்ராசஸரில் பூட் செய்து ஏற்றினேன். ஒன்பது வந்தது. மறுபடி ஏற்றினேன். பதினாலு வந்தது. முதலில் வந்த எண்கள் இல்லை, வேறு எண்கள். ஒரே தப்பு ஒவ்வொரு தடவையும் வேறு ஆள்மேல் விழுந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

நாலரை மணிக்குக் காரணம் பிடிபட்டது. எண் கொடுக்கும் ப்ரோக்ராமை எழுதியது நான்தான். கடைசியாகக் கொடுத்த எண் ஒரு ஃபைலில் இருக்கும். ப்ரோக்ராம் அதைத் திறந்து படிக்கும், ஒன்று கூட்டும், திரும்ப எழுதும். ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்வரை சிக்கல் இல்லை. நிஜமாகவே ஒரே கணத்தில் இரண்டு ஓடினால், இரண்டும் 1186 என்று படிக்கும், இரண்டும் 1187 என்று கொடுக்கும். ஒன்று படிக்கும்போது இன்னொன்று தொடாதபடி அந்த ஃபைலுக்குப் பூட்டுப் போட்டிருக்க வேண்டும். லினக்ஸில் அதற்கு வசதி இருக்கிறது. நான் போடவில்லை. ஒரே ப்ராசஸரில் ஓட்டியவரை அது தேவைப்படவில்லை, அதனால் தோன்றவும் இல்லை. ரிசல்ட் ஏற்றும்போது, முதலில் வந்த அரியூர் ரிசல்ட் அந்த எண்ணில் முதலாவதாக இருந்த பழனியம்மாள் பெயரில் உட்கார்ந்தது. அடுத்து வந்த வளப்பூர் ரிசல்ட் காலியாக இருந்த வெள்ளையன் பெயருக்குப் போனது.

மிஷின்மேல் ஒரு குற்றமும் இல்லை. சொன்னதைத்தான் செய்திருந்தது.

டாக்டர் அப்போது பிரசவ அறையில் இருந்தார். அவர் வெளியே வரும்வரை நான் நிற்கவில்லை. கடைசி பஸ் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டேன். நான் தங்கியிருந்த அறை மருத்துவமனையிலிருந்து நடக்கிற தூரம்தான்.

4. அரியூர்

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு டாக்டர் ஞானராஜின் அறைக்குப் போனேன். அவர் திருநெல்வேலிப் பக்கத்தவர். அதிர்ந்து பேசமாட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாவது ப்ராசஸர், பூட்டு, 1187, பழனியம்மாள், வெள்ளையன். முடித்ததும் ஒன்று மட்டும் கேட்டார்.

"எப்பத் தெரிஞ்சது?"

"நேத்து காலைல சார்."

"நேத்து காலைலயா?"

நான் தலையாட்டினேன். அவர் எழுந்து ஜீப் சாவியை எடுத்தார். "வா" என்றார்.

அரியூரில் ஜீப்பை நிறுத்திவிட்டு மரவள்ளிக் காட்டு வரப்பில் அரை மணி நடந்தோம். வெள்ளையனின் மனைவி வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பிள்ளைகள். சின்னது மூக்கு ஒழுக இருமிக்கொண்டிருந்தது.

"வெள்ளையன் இருக்காராம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லீங்க. ரிக் வண்டிக்குப் போயிட்டாருங்க."

ரிக் வண்டி என்றால் போர்வெல் போடும் லாரி. திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பி ஆந்திரா, மகாராஷ்டிரா என்று மாதக்கணக்கில் சுற்றும். மலையிலிருந்து நிறையப் பேர் அதில் வேலைக்குப் போவார்கள். ஆறேழு பேர் அந்த லாரியிலேயே நெருக்கிப் படுத்து, அதிலேயே சமைத்துச் சாப்பிட்டு, பாறைத் தூசியில் வேலை செய்வார்கள்.

"எப்பப் போனாரு?"

"நேத்துத்தானுங்க. மத்தியானப் பஸ்ஸுக்கு எறங்கினாரு. ஏனுங்க, என்னமோ ஒண்ணுமில்லைன்னு தாளு குடுத்தீங்களே?"

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. மத்தியானப் பஸ் கிளம்பிய நேரத்தில் நான் மெமரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் அந்த அம்மாவை உட்காரவைத்து, தாள் மாறிப்போனதைப் பொறுமையாகச் சொன்னார். அவருக்கும் பிள்ளைகளுக்கும் பரிசோதனை செய்ய வேண்டும் என்றார். அந்த அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சின்னவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"இவனுக்கும் இருக்குமாங்க?"

"பாத்தாத்தான் தெரியும். நாளைக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர்.

5. ரிக் ஆபீஸ்

வியாழக்கிழமை நான் திருச்செங்கோடு போனேன். போகச் சொன்னது டாக்டர்தான். "அவரைத் திரும்ப வரவைக்கிறது உன் வேலை. ஆனா என்ன வியாதின்னு அங்க சொல்லக் கூடாது. சொன்னா அப்புறம் அவருக்கு எந்த வண்டியிலயும் வேலை கிடைக்காது."

ரிக் ஆபீஸ் ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளம். வாசலில் தேய்ந்த டிரில் பிட்டுகள் குவிந்து கிடந்தன. மேனேஜர் அறுபது வயதுக்காரர். வெள்ளை வேட்டி, மேஜையில் இரண்டு போன்.

"வெள்ளையனா? எங்க வண்டி எட்டு ஓடுதுங்க அம்மிணி. கொல்லிமலை வெள்ளையன்னு நாலு பேரு இருக்கறாங்க. நீங்க எந்த வெள்ளையனக் கேக்கறீங்க?"

அப்பா பெயர், ஊர் எல்லாம் சொன்னேன். அவர் பெரிய நோட்டைப் புரட்டினார். நேற்று விடியற்காலையிலேயே வண்டி கிளம்பிவிட்டது. அனந்தப்பூருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஊர். சாயங்காலம் அவர்களாக எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டால்தான் பேச முடியும்.

"அவர அனுப்பி வெக்கணுங்க. ஆஸ்பத்திரியில ஒரு டெஸ்ட் மறுபடி எடுக்கணும்."

"ஒரு டெஸ்ட்டுக்கு அத்தன தூரத்துல இருந்து ஆள வரவெக்கறதா? மூணு மாசம் கழிச்சு வருவான், அப்ப எடுத்துக்குங்க."

"அதுவரைக்கும் முடியாதுங்க."

"ஏன், அவனுக்கு என்ன?"

ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த நிமிடமே அவர் ஆளை அனுப்பிவிடுவார். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"அவருக்கு வேற ஒருத்தரோட தாளக் குடுத்துட்டோமுங்க. அது தப்பான தாளு. அத நம்பித்தான் அவரு வேலைக்கு வந்திருக்கறாரு. சரி பண்ணாம விட்டா அவருக்குத்தான் கெடுதல். இதுக்கு மேல என்னால சொல்ல முடியாதுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் தப்பாப் போட்டிருச்சாக்கும்?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். அந்தக் காலத்தில் எல்லாரும் அதை நம்புவார்கள்.

"இல்லீங்க. நான் போட்டது. அந்தப் ப்ரோக்ராம எழுதுனது நான்தான்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டினார். பிறகு, "எங்க ஆபீஸ்ல ஒருத்தனும் இப்படி ஒத்துக்க மாட்டானுங்க" என்று சிரிக்காமல் சொன்னார். "ஞாயித்துக்கெழம ஒரு லோடு லாரி அங்கிருந்து திரும்புது. அதுல ஏத்தி விடச் சொல்றேன். அவன் வரமாட்டேன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. அத்தன நாளைக்கு வேற ஆளு போடணும் நானு."

திரும்பி வரும் பஸ்ஸில் நான் எண்ணிக்கொண்டே வந்தேன். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. அந்த லாரிக்குள் இன்னும் எத்தனை பேர் அவர் பக்கத்தில் படுப்பார்கள்?

6. வளப்பூரில் மைக்ராஸ்கோப்

பழனியம்மாளின் மாத்திரையை டாக்டர் புதன்கிழமையே நிறுத்திவிட்டார். நாமக்கல் அழைத்துப்போய் எக்ஸ்ரே எடுத்ததில் நெஞ்சு சுத்தமாக இருந்தது. சனிக்கிழமை டாக்டர், எஸ்தர் அக்கா, நான் மூன்று பேரும் சரியான தாளோடு அவர் ஊருக்குப் போனோம். எஸ்தர் அக்கா ஏன் மைக்ராஸ்கோப்பை மடியில் வைத்துக்கொண்டு வருகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

அந்த வீட்டுக்குப் போன பிறகுதான் மூன்று வாரத்தில் என்ன நடந்திருந்தது என்று தெரிந்தது. பழனியம்மாளை ஆட்டுக் கொட்டகையை ஒட்டிய சாய்ப்பில் தனியாக வைத்திருந்தார்கள். தனித் தட்டு, தனிச் சொம்பு. அவருக்கு ஆறு மாதக் கைக்குழந்தை. பால் கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். மாமியார் கேட்கவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டு மாட்டுப்பால் கொடுத்துவந்தார். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதைப் பார்த்து, உள்ளே எல்லாம் அழுகிவிட்டது என்று பழனியம்மாளே நம்பியிருந்தார். அது அந்த மாத்திரையால் வரும் நிறம்தான்.

டாக்டர் புதுத் தாளை நீட்டினார். மாமியார் அதை வாங்கவில்லை.

"ஏனுங்க, மொதத் தாளும் உங்க மிஷின் அடிச்சதுதானுங்களே? அது பொய்யின்னா இது மட்டும் எப்படி நெசமாகும்?"

டாக்டர் எக்ஸ்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எஸ்தர் அக்கா ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி, பலா மர நிழலுக்கு வெளியே வெளிச்சமான இடத்தில் போட்டு, மைக்ராஸ்கோப்பை வைத்தார். அதற்குக் கரண்ட் வேண்டாம். கீழே உள்ள கண்ணாடியை வெளிச்சத்துக்குத் திருப்பினால் போதும்.

"வாங்கம்மா. நீங்களே உங்க கண்ணால பாருங்க."

முதலில் அரியூர் ஸ்லைடு. "நீல நெறத்துல செகப்புக் குச்சி மாதிரி தெரியுதா? அதான் கிருமி. இது வேற ஊர்க்காரரோடது."

மாமியார் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "ஆமா, தெரியுது."

"இது உங்க மருமகளோடது."

பார்த்தார். நிமிர்ந்து இரண்டு ஸ்லைடையும் கையில் வாங்கி உற்றுப் பார்த்தார். பள்ளிக்கூடம் போகாதவர் என்றாலும் எண் தெரிந்தவர். "ரெண்டுலயும் ஒரே நெம்பருதானே எழுதியிருக்குது? இதுல எது யாரோடதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

எஸ்தர் அக்கா அசரவில்லை. பையிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்தார்.

"நெம்பர நம்ப வேண்டாம். அன்னிக்கு உங்க ஊர்ப் பக்கம் எடுத்த அத்தன பேரோடதும் இந்தப் பெட்டில இருக்குது. உங்க மருமகளோடது இதுல எதுவா வேணா இருக்கட்டும். எதுலயாவது செகப்புக் குச்சி இருந்தாக் காட்டுங்க."

மாமியார் உட்கார்ந்துவிட்டார். அக்கா ஒவ்வொன்றாக மாற்றிக்கொடுக்க, ஒவ்வொன்றாகப் பார்த்தார். அக்கம்பக்கத்தவர்கள் சுற்றி நின்றார்கள். வெயில் நகர நகர அக்கா கண்ணாடியைத் திருப்பினார். இருபது ஸ்லைடுக்கு மேல் இருக்கும். ஏதாவது ஒன்றில் தூசியோ சாயமோ சிவப்பாகத் தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்று நான் பெட்டியில் மீதி ஸ்லைடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"போதும்" என்று மாமியார் எழுந்தார். நேராக உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிவந்து மருமகளின் கையில் கொடுத்தார். பழனியம்மாள் குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு சாய்ப்புக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் குழந்தை வீறிட்டு அழுதது. பால் வற்றிப்போயிருந்தது.

நான் அவரிடம் போய், "என்னால ஆச்சுங்க" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "எனக்கு ஒண்ணுமில்லைன்னு நான்தான் அன்னிக்கே சொன்னேன். யாரும் கேக்கல" என்றார்.



7. திங்கட்கிழமை

லோடு லாரி ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. வழியில் ஆக்சில் உடைந்துவிட்டதாக ரிக் ஆபீஸிலிருந்து சொன்னார்கள். திங்கட்கிழமை சாயங்காலப் பஸ்ஸில் வெள்ளையன் வந்து இறங்கினார். மெலிந்த, உயரமான ஆள். பேசும்போது இடையிடையே நிறுத்தி இருமினார். டாக்டர் விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளே நாலாக மடித்த எங்கள் தாள்.

"இத நம்பித்தானுங்க போனேன். இருமல் இருக்கறப்ப வேண்டாம்னு ஊட்டுல தடுத்தாங்க. தாளக் காட்டித்தான் சமாதானம் பண்ணிப்போட்டுப் போனேன்."

அவர் குரலை உயர்த்தவில்லை. டாக்டர் என்னைப் பேசவிடாமல் தானே சொன்னார்: "தாள் அடிச்சது இவங்க. அதுல கையெழுத்துப் போட்டது நான். வளப்பூர் அம்மாவுக்கு இன்னொரு தடவை சளி பார்க்காம மருந்து எழுதினதும் நான். ரெண்டு பேர் தப்பும் இதுல இருக்கு."

அன்றே மருந்து தொடங்கியது. நல்லவேளையாக அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்றும் இல்லை. சின்னவனுக்கு வெறும் சளி.

அடுத்த நாள் நான் ராஜினாமாக் கடிதம் எழுதிக்கொண்டு போனேன். டாக்டர் அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நீ போயிட்டா இந்த மிஷின்ல என்னென்ன பண்ணி வச்சிருக்கேன்னு யாருக்குத் தெரியும்? உக்காந்து எல்லாத்தையும் எழுது. எங்க பூட்டு இல்லையோ அங்க போடு. எழுதி முடிச்சப்புறம் போறதப் பத்திப் பேசலாம்."

எழுதி முடிக்க இரண்டு மாதமானது. அதுவரை சர்வரை ஒரே ப்ராசஸரில்தான் ஓட்டினேன். எல்லா ப்ரோக்ராமையும் திருத்தி, நகலில் நூறு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, டாக்டரிடம் சொல்லி அனுமதி வாங்கி இரண்டாவது ப்ராசஸரை மறுபடி எழுப்பினேன். கை தட்டவில்லை. தாள்களை அனுப்பும் முன் நானும் எஸ்தர் அக்காவும் எதிரெதிரே உட்கார்ந்து, முகாம் தேதி, ஊர், பெயர் என்று ஒவ்வொன்றையும் சத்தமாக வாசித்துச் சரிபார்க்கும் வழக்கமும் அப்போது தொடங்கியது. நான் அங்கே வேலை பார்த்த கடைசி நாள் வரை அதை விடவில்லை.

வெள்ளையன் ஆறு மாதம் ஒரு நாள் தவறாமல் மாத்திரை சாப்பிட்டுக் குணமானார். பிறகு ரிக் வண்டிக்குப் போகவில்லை. மிளகுக் கொடி கட்டிப் பிழைத்துக்கொண்டார். என்னை எங்கே பார்த்தாலும் நின்று பேசுவார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஃபைலைப் பூட்டுவது எப்படி என்று நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இப்போது அதை டேட்டாபேஸே பார்த்துக்கொள்கிறது. நான் சொல்வது வேறு. தப்பு நடந்திருக்கிறது என்று தெரிந்த அந்த நிமிடமே எழுந்து போய்ச் சொல்லிவிடுங்கள். ஏன் நடந்தது என்று தெரிய வேண்டியதில்லை. யார் குற்றம் என்று தெரிய வேண்டியதில்லை. காரணம் மிஷினுக்குள்ளேயே இருக்கும், சாயங்காலம் தேடினாலும் கிடைக்கும். பாதிக்கப்பட்ட ஆள் அப்படி ஒரே இடத்தில் இருக்கமாட்டார். பஸ் ஏறிவிடுவார்.

அந்த லாரியில் வெள்ளையனோடு படுத்த ஆறு பேரின் பெயரையும் ஊரையும் டாக்டர் கேட்டு எழுதிக்கொண்டார். ஆறு பேருக்கும் கடிதம் போட்டோம். நாலு பேர் வந்து பரிசோதனை செய்துகொண்டார்கள், அவர்களுக்கு ஒன்றும் இல்லை. மற்ற இரண்டு பேரையும் தேடி நானே இரண்டு தடவை திருச்செங்கோடு போனேன். வேறு வண்டிக்கு மாறி, மாநிலம் விட்டு மாநிலம் போய்விட்டார்கள் என்றார்கள். அவர்களுக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது.